ஓக்கே இல்லை

மரத்துக்குப் பெயர் சொல்வதுதான் மோகனப்ரியாவின் வேலை. துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டு மரத்தில் ஒரு துண்டை நறுக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது இன்ன மரம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு எதிரே இருக்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இந்த உத்தியோகம். அது போதாதென்று, இமயமலைச் சரிவில் வளரும் ஓர் ஓக் மரத்தின் வகைப்பாட்டைப் பற்றிப் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆராய்ச்சி வேறு.

தமிழ்நாட்டுக் காட்டில் ஓக் மரம் தானாக முளைப்பதில்லை. கண்ணால் பார்க்கவே ரயிலேறி வடக்கே போக வேண்டும். மீனவர் குப்பத்தில் பிறந்த பெண் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டாளே என்பது அவள் அம்மா குப்பம்மாவுக்கு ஓயாத கேலி. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், முதல் கேள்வியே அதுதான்.

"இன்னாடி, அந்த மரத்துக்கு இன்னும் பேரு வெச்சு முடிக்கலியா?"

"வெச்சாச்சும்மா. மூணு பேரு வெச்சுகிறாங்கோ. எது செல்லும்னுதான் சண்ட."

"அது இன்னா மூணு?"

"ஒர்த்தரு குவெர்கஸ் இன்கானான்னு வெச்சாரு. அந்தப் பேரு ஏற்கெனவே வேற ஓக்குக்குக் கீது. அதனால லியூகோட்ரிக்கோஃபோரான்னு மாத்துனாங்கோ. அதுக்கெல்லாம் முன்னாடியே இன்னொர்த்தரு ஆப்லாங்கேட்டான்னு வெச்சுட்டாரு, அதான் செல்லும்னு ஒரு கோஷ்டி."

"த்தோடா! எங்க வூட்டாண்ட கொழந்த பொறந்தா காது குத்தறதுக்குள்ள பேரு வெச்சுக் கூப்புட ஆரமிச்சிருவோம். இவ்ளோ படிச்சுட்டு ஒரு மரத்துக்குப் பேரு வெக்கத் தெரியாம நிக்கிறீங்கோ!"

அப்பா தேசப்பன் விசைப்படகு வைத்திருப்பவர். பேச்சு குறைவு. "வுடு, பேரு சொல்லிக் கூப்ட்டா மரம் எந்திரிச்சு வரவா போவுது" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட ஓக் மரம்தான் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையையும் கொண்டு வந்து கொடுத்தது.

அபின் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தான். ஒரு நாள் கன்டெய்னரிலிருந்து எடுத்த மரத்துண்டோடு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தான். காகிதத்தில் 'வெள்ளை ஓக்' என்று இருந்தது. மோகனப்ரியா அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் சீவி, ஒரு முனையைத் தண்ணீர் டம்ளரில் விட்டு, "மறு முனையில வாய் வெச்சு ஊதுங்க" என்றாள். அவன் ஊதினான். டம்ளரில் குபுகுபுவென்று குமிழி வந்தது.

"இது சிவப்பு ஓக். குவெர்கஸ் ரூப்ரா. இதுல தண்ணி ஏறுற குழாயெல்லாம் திறந்தே கிடக்கும். வெள்ளை ஓக்குல அடைச்சிருக்கும். நீங்க தலைகீழா நின்னு ஊதினாலும் ஒரு குமிழி வராது."

அபின் அவளைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். மறுநாள் ஒரு துடைப்பக் கட்டையோடு வந்து, "இது என்ன மரம்னு சொல்லுங்களேன்" என்றான். அதற்கடுத்த நாள் ஐஸ் குச்சி. அதற்கும் அடுத்து அவன் அலுவலக ரப்பர் ஸ்டாம்பின் கைப்பிடி. ஆராய்வதற்கு மரம் தீர்ந்து போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

இரண்டு வீட்டிலும் சரி என்றால்தான் கல்யாணம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அபினின் அப்பா பொன்ராஜ் தூத்துக்குடிக்காரர். திருவொற்றியூர் விம்கோ நகரில் மொத்த மளிகை வியாபாரம். 'இங்கே கலப்படம் கிடையாது' என்பதைக் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருப்பவர். மகன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "வேற ஊரு, வேற சாமி. பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை சாயங்காலமாக அமைந்தது.

கிளம்பும்போது குப்பம்மா, ஐஸ் பெட்டியைத் திறந்து மகளுக்குக் காட்டினாள். உள்ளே ஒரு முழு வஞ்சிரம் பளபளவென்று படுத்திருந்தது.

"தோ பாரு. அவுங்க சரின்னாங்கன்னா உடனே ஒரு போன் போடு. நானும் உங்கப்பனும் இத்த எட்துகினு வந்து தட்டு மாத்திக்கிறோம். வாணாம்னாங்கன்னா இத்த வித்துட்டு, இந்தப் பேச்ச இத்தோட வுட்ருவோம். என் பொண்ண ஒர்த்தன் வாணாம்னு சொன்னப்புறம் அவன் வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்."

தன் வாழ்க்கை இப்படி ஒரு மீனோடு சேர்த்து ஐஸில் வைக்கப்படும் என்று மோகனப்ரியா நினைத்ததில்லை.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை வளைத்து வளைத்து ஓட்டியபடி அபின் அவளுக்குப் பாடம் நடத்தினான்.

"ஒண்ணும் பயப்படாத. ஹால்ல ஒரு பீடம் இருக்கும். பார்த்ததும் நல்லாருக்குன்னு சொல்லிடு. அவ்ளோதான். அப்பா கவுந்துடுவாரு."

"என்ன பீடம்?"

"எங்க கோயிலுக்குப் பிரசங்க பீடம். தாத்தா போன வருஷம் சாகிறப்போ கேட்டாரு, கர்வாலி மரத்துல ஒரு பீடம் செஞ்சு கோயிலுக்குக் குடுன்னு. நாளைக்கு ஆராதனையில பிரதிஷ்டை."

"கர்வாலின்னா?"

"பைபிள்ல வர்ற பழைய வார்த்தை. ஓக்குக்குத் தமிழ்."

மோகனப்ரியாவுக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஊரில் ஓக் மரத்துக்காக ஆசைப்பட்டுச் செத்த ஒரு மனிதர்! அந்தக் குடும்பத்துக்குத் தான் மருமகளாகப் போகாமல் வேறு யார் போவது?

"நீ ஓக் ஆராய்ச்சி பண்றேன்னதும் அப்பா நிமிர்ந்து உக்காந்துட்டாரு, தெரியுமா?" என்றான் அபின்.

ஹாலில், புதுப் போர்வை போர்த்தி, பெண் பார்க்கும் வீட்டில் பெண்ணை உட்கார வைத்த மாதிரி அந்தப் பீடம் நின்றிருந்தது. உண்மையில் பெண் பார்க்கப்பட வந்தவள் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அபினின் அம்மா ஜெமிமா காபியும் ஒரு தட்டு மக்ரூனும் கொண்டு வந்து வைத்தாள்.

"சாப்பிடு தாயி. எங்க ஊர்ல இருந்து வந்தது. அவுக முகத்தைப் பாத்துப் பயப்படாத. சிரிச்சா பல்லு தெரியும்னு அடக்கி வச்சிருக்காக."

பொன்ராஜ் அதற்கும் சிரிக்கவில்லை. மூட்டை இறக்கும் சத்தத்திலேயே முப்பது வருஷம் இருந்ததால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் குரல் கொஞ்சம் பெரிது. படகைப் பற்றி விசாரித்தார். படிப்பைப் பற்றி விசாரித்தார். காபி பாதி இறங்கியதும், பொறுக்க முடியாதவராக எழுந்து போர்வையை உருவினார்.

பீடம் அழகாகத்தான் இருந்தது. முன்பக்கம் திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் தாத்தாவின் பெயர். அதன் அடியில், 'கர்வாலி மரத்தினால் செய்யப்பட்டது.'

"நல்லாருக்கு, அங்கிள்!" என்றாள் மோகனப்ரியா. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அபின் நிம்மதியாக ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்லாயில்லாம? தேடி அலைஞ்சு வாங்கினதுலா! மலைத் தோட்டத்துல இருந்து வந்த மரம். எல்லாரும் ஓக்கு, ஓக்குன்னு சொல்லுதான். நான் வெறும் ஓக்கு வாங்கல பிள்ள. சில்வர் ஓக்கு! ஓக்குலயே உசத்தி. கோல்டு ஓக்கு இருக்கான்னு கேட்டேன், அது வரலையாம்."

மோகனப்ரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

சில்வர் ஓக் என்பது ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் காபித் தோட்டத்து நிழலுக்கு நடும் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அறுத்தால் உள்ளே பட்டு மாதிரி மினுமினுவென்று ஓக் போலவே ரேகை ஓடும். அந்தச் சாயலைப் பார்த்து யாரோ வெள்ளைக்காரத் தச்சன் 'ஓக்' என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது. ஓக்குக்கும் அதற்கும் இருக்கிற சம்பந்தம், கடல் குதிரைக்கும் ஜட்கா குதிரைக்கும் இருக்கிற சம்பந்தம்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது. அம்மா.

"இன்னாடி ஆச்சு? மீன வெட்டவா, வெக்கவா?"

"அப்றம் பேசறேம்மா" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். இணைப்பைத் துண்டித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

பொன்ராஜ் விட்ட இடத்தில் பிடித்தார். "சபைக் கமிட்டியில தங்கப்பாண்டின்னு ஒருத்தன் இருக்கான். 'இது ஓக்குதானா அண்ணாச்சி'ன்னு நாலு பேர் முன்னால சந்தேகமா கேக்கான். நீ இதுலயே ஆராய்ச்சி பண்ணுத பிள்ளை. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் சபை முன்னால எந்திரிச்சு, இது ஓக்குதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அவன் வாயை அடைச்சிருவோம். அப்புறம் இந்தப் பிள்ளை எங்க வீட்டுக்கு யாருன்னு நானே எல்லாருக்கும் சொல்லிருதேன்."

அபினுக்கு மக்ரூன் புரையேறியது. ஜெமிமா அவன் தலையில் தட்டிக்கொண்டே மோகனப்ரியாவைப் பார்த்துப் புன்னகை செய்தாள். ஒரு வார்த்தை. 'ஓக்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வஞ்சிரம் வண்டி ஏறிவிடும்.

மோகனப்ரியா கைப்பையைத் துழாவினாள். மற்ற பெண்கள் பையில் கண்ணாடி இருக்கும் இடத்தில் அவள் பையில் லென்ஸ் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பாலிஷ் போடாத அடிப்பக்கத்தில் தலையை நுழைத்தாள். கடைக்காரர்கள் எத்தனையோ பேரை ஏமாற்றுகிறார்கள். சில்வர் ஓக் என்று சொல்லி நிஜ ஓக்கைத் தலையில் கட்டியிருக்கக் கூடாதா? ஓக்காக இருந்தால் ஒவ்வொரு வருஷ வளையத்திலும் பெரிய பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். இதில் துளைகள் இஷ்டத்துக்குச் சிதறி, தோரணம் தொங்கவிட்ட மாதிரி வளைந்து வளைந்து போயின. சந்தேகமே இல்லை. அசல் சில்வர் ஓக். கடைக்காரர் படு நாணயம்.

"என்ன பிள்ள, உள்ளயே இருந்துட்ட?"

மோகனப்ரியா தலையை வெளியே எடுத்தாள். ஆறு வருஷமாக மரத்தைப் பார்த்தால் பெயரைச் சொல்லிப் பழகிய வாய். அது அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"அங்கிள்... இது ஓக்கே இல்ல."

"எது ஓகே இல்ல? பாலிஷா? நானும் சொன்னேன், கொஞ்சம் கறுப்பா அடிச்சிட்டான்."

"பாலிஷ் ஓகே, அங்கிள். மரம்தான் ஓக்கே இல்ல."

"மரத்துக்கு என்ன? பூச்சி அரிச்சிருக்கா?"

"இல்லங்க. மரம் நல்ல மரம். மரம் ஓகேதான். ஆனா ஓக்கே இல்ல."

பொன்ராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "ஏட்டி, இந்தப் பிள்ளை ஓகேங்குதா, இல்லைங்குதா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவர் காதுக்கு எட்டட்டும் என்று மோகனப்ரியா குரலை உயர்த்தினாள். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"பேருதான் அங்கிள் ஒண்ணு! இனம் வேற! குடும்பம் வேற! ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது! எங்கயோ இருந்து இங்க பொழைக்க வந்தது. இதையும் அதையும் எந்தக் காலத்துலயும் ஒண்ணா சேத்து வெக்க முடியாது!"

"குடும்பமே வேறயா?"

"குடும்பமே வேற!"

பொன்ராஜுக்கு இப்போது விளங்கியது. முகம் சிவந்தது. குரல் அவளுடையதைவிட உயர்ந்தது.

"கலப்படம் கிடையாதுன்னு போர்டு எழுதி மாட்டினவன் நான். இதைப் போய்ச் சபை முன்னால கொண்டு நிறுத்தினா என் மானம் போயிரும்லா!"

பொன்ராஜ் உள்ளே போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, குனிந்து உட்கார்ந்து, பித்தளைத் தகட்டின் ஆணியைத் திருக ஆரம்பித்தார். அப்பாவின் பெயர் இருந்த தகடு. முதல் ஆணி கிரீச்சிட்டுக் கழன்றது. மோகனப்ரியாவுக்குத் தன் வாயிலேயே அந்த ஆணியை அடித்தால் தேவலை போலிருந்தது.

அபின் நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் வந்தான். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த லென்ஸை வீட்டுல வெச்சுட்டு வந்தா என்ன?"

"சில்வர் ஓக்குன்னு நீ முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எனக்கென்ன தெரியும்? சில்வர் டம்ளரும் டம்ளர்தானேன்னு நினைச்சேன்."

"அது எவர்சில்வர். அதுல சில்வரே கிடையாது."

"உன்கிட்ட ஒரு பொருளைக் காட்டிட முடியாதுடி, தாயே!"

ஜெமிமா அவள் தட்டில் இன்னொரு மக்ரூனை வைத்தாள். "சாப்பிடு. அவுக கோபம் மிளகா வத்தல் மூட்டை மாதிரி. தூக்கும்போதுதான் தும்மல் வரும், வச்சுட்டா அடங்கிரும்." ஆனால் ஜெமிமாவின் புன்னகையிலும் முந்தைய வெளிச்சம் இல்லை. மூன்றாவது ஆணியும் கழன்றது.

அப்போது தெருவில் ஒரு வண்டி கிரீச்சிட்டு நின்றது. ஜன்னல் வழியாக மோகனப்ரியா எட்டிப் பார்த்தாள். மீன் ஏற்றுகிற குட்டியானை. அதிலிருந்து முதலில் அப்பா இறங்கினார். அவர் இறங்கி முடிப்பதற்குள் அம்மா வீட்டுக்குள் இருந்தாள்.

"ஏ பொண்ணு, எந்திரி! வா வூட்டுக்கு!" என்றாள் குப்பம்மா. பிறகு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்த பொன்ராஜைப் பார்த்தாள். "இன்னா சார், ஆயுதத்த எட்துகினு நிக்கிறே? எங்களுக்குப் பயமா? வாணாம்னா வாணாம்னு நீட்டா சொல்லு. அதுக்கு இவ்ளோ பேச்சா?"

பொன்ராஜ் திகைத்துப் போனார். "நீங்க யாரு தாயி?"

"ஒட்டு, ஒறவு இல்லாதவ! எங்கியோ இருந்து பொழைக்க வந்தவ! நாங்கோ பொழைக்க வந்தவங்களா? ராயபுரத்துல கடலு இருந்த நாள்ல இருந்து நாங்க கீறோம்! நீதான்யா தூத்துக்குடியில இருந்து மூட்டையக் கட்டிகினு வந்தே!"

"நான் எப்பம் சொன்னேன்?"

"போன்ல கேட்டுகினுதானே வர்றேன்! இவ சொல்றதுக்கு முன்னாடியே மீன ஏத்திகினு கெளம்பி, வண்டியில ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுகினு வர்றோம், நானும் எம் புருசனும்! இனம் வேறன்னு சொல்லல?"

மோகனப்ரியா மெல்லப் பையைத் திறந்து போனைப் பார்த்தாள். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா... அது நான் சொன்னது."

"சும்மா இரு நீ! குடும்பமே வேறன்னு சொன்னது?"

"அதுவும் நான்தாம்மா."

"ஒண்ணா சேத்து வெக்க முடியாதுன்னது?"

"நான்தான்."

குப்பம்மா இடுப்பில் கை வைத்தாள். "அடிப்பாவி, அப்ப உனக்கே இந்தக் கல்யாணம் வாணாமா? இதுக்கா அந்த மீன ஐஸுல வெச்சேன்?" திடீரென்று நினைவு வந்தவளாகப் பொன்ராஜ் பக்கம் திரும்பினாள். "ஆங்! சபை முன்னாடி நிக்க வெச்சா மானம் பூடும்னது?"

"அது நான்" என்றார் பொன்ராஜ்.

"பாத்தியா!"

"பீடத்தைச் சொன்னேன் தாயி! இந்தா, இந்த மரத்தைச் சொன்னேன்!"

மோகனப்ரியா இடையில் புகுந்து எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னாள். தாத்தா, கர்வாலி, சில்வர் ஓக், தங்கப்பாண்டி. குப்பம்மா பீடத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். கேட்கக் கேட்க அவள் குரல் இறங்கியது. இறங்கியும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"மொத மொதல்ல 'ஓக்கே இல்ல'ன்னு சொன்னியே, அது இன்னா?"

"ஓக்-கே இல்லம்மா. ஓக்கு. நான் படிக்கிற ஓக்கு. அது இது இல்ல."

"இந்தப் பாழாப்போன மரத்துக்கு ஒரு பேரு ஒழுங்கா வெக்காததுனால வந்த வெனையப் பாத்தியா?"

தேசப்பன் அதுவரை வாசல் பக்கமே நின்றிருந்தார். இப்போது உள்ளே வந்தார். பீடத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். படகு கட்டுபவரிடம் பலகை பார்ப்பது போல.

"கெட்டியாதான் கீது. என் போட்டுக்குக்கூட கடல்புலின்னு பேரு. அதுக்காவ அது இன்னா, புலியா?" என்றவர், பொன்ராஜை நேராகப் பார்த்தார். "சரி. மரம் ஓக்கு இல்ல. சம்மந்தம் ஓகேவா?"

சாயங்காலம் முழுக்க யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. மோகனப்ரியா தன் கையிலிருந்த லென்ஸைத் திறந்தாள், மூடினாள். எல்லோரும் பொன்ராஜையே பார்த்தார்கள். பொன்ராஜ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்.

"நாளைக்கு இந்தப் பிள்ளை சபை முன்னால ஓக்குதான்னு சொல்லியிருந்தா, நான் அங்ஙனயே சம்பந்தத்தையும் சொல்லியிருப்பேன்" என்றார் மெதுவாக. அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. "அது தெரிஞ்சேதான் இல்லைன்னு சொல்லிச்சு. எங்க கடை சீரகத்துலகூட நான் இவ்வளவு சுத்தம் பாத்ததில்ல. ஆனா, வேற சாமி, வேற பழக்கம். கலப்படம் கிடையாதுன்னு ஊருக்கே சொல்லுத ஆளு நான்..."

"கலப்படத்துக்கும் கலப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருசம் யாவாரம் பாத்தீக?" என்றாள் ஜெமிமா. "கடையில மூட்டை மூட்டையா கரம் மசாலா விக்கீகளே, அது என்ன, ஒத்தைச் சரக்கா?"

பொன்ராஜ் மோகனப்ரியாவிடம் திரும்பினார். "பிள்ள, உன் நிஜ ஓக்கு இருக்கே. அதுவாவது ஒண்ணோட ஒண்ணு சேராம, தனித்தனியா, ஒழுங்கா நிக்குமா?"

இந்த முறை மோகனப்ரியா வாயை அடக்கவே முயலவில்லை.

"நிக்காது அங்கிள். ரெண்டு வகை பக்கத்துல பக்கத்துல வளர்ந்தா பல இடத்துல கலந்துடும். காத்துல மகரந்தம் பறக்கும், அவ்ளோதான். பொறக்கறது இதுவா அதுவான்னு பாக்கறவங்களுக்குத்தான் தலைவலி. என் ஆராய்ச்சி முடியாம இழுக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"அப்பன் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேக்காமதான்."

"அதுக்கு இதுக தேவலை" என்றார் பொன்ராஜ். "ரெண்டும் கேட்டுட்டாவது நிக்குதுக." அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். ஜெமிமா சொன்னது சரிதான். எல்லாப் பல்லும் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரை மகன் கையில் கொடுத்தார். "கடைசி ஆணியையும் கழட்டுலே. தாத்தா பேரை மட்டும் வெட்டிப் புதுத் தகடு போடுவோம். நாளைக்கு நானே சபையில சொல்லிருதேன், இது கர்வாலி இல்ல, ஆனா நல்ல மரம்னு. தங்கப்பாண்டி சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். அவன் கடை மிளகுல பப்பாளி விதை இருக்கறது எனக்குத் தெரியாதாக்கும்!"

அவ்வளவுதான். குப்பம்மா வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுக்க, தேசப்பன் குட்டியானையிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கினார். மூடியைத் திறந்ததும் ஜெமிமாவின் கண் விரிந்தது.

"ஏயப்பா! எம்புட்டுப் பெரிய சீலா!"

குப்பம்மா நிமிர்ந்தாள். "சீலாவா? இன்னாம்மா சொல்றே? இது வஞ்சிரம்."

"சீலாதானே இது? நான் பொறந்ததுல இருந்து திங்குத மீனு எனக்குத் தெரியாதா?"

"நான் பொறந்ததுல இருந்து விக்கிறேன்! வஞ்சிரம்!"

"சீலா!"

தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அபின் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணப் பேச்சு தொடங்கிய நிமிஷத்திலேயே முறிந்துவிடும் போலிருந்தது. பொன்ராஜ் கையை உயர்த்தினார்.

"சண்டை எதுக்கு? ஆராய்ச்சி பண்ணுத பிள்ளை இருக்குல்லா, கேளுங்க. நீ சொல்லு பிள்ள, ரெண்டுல எது?"

மோகனப்ரியா லென்ஸைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். போனையும் எடுத்து, இணைப்பைத் துண்டித்து, துண்டித்தோமா என்று இரண்டாவது தடவையும் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான், அங்கிள். பேருதான் வேற. ஒரே இனம், ஒரே குடும்பம்."

"அப்பம் ஓகே!" என்றார் பொன்ராஜ், தெருவுக்கே கேட்கும்படி.

குப்பம்மா மீனின் வாலைப் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எது ஓக்கே? மீனா, மரமா, எம் பொண்ணா? அத்தத் தெளிவா சொல்லு, சம்மந்தி. அப்பத்தான் கத்திய வெப்பேன்."